மூன்று மூலைக் கொடி

அவிழ்க்கப் போன கை பாதியில் நின்றது.

எதிர்வீட்டு யன்னல் திறந்திருந்தது.

வாசல் படலையில் கறுப்புக்கொடி. அவளுடைய படலையில்.

ஒழுங்கையில் மற்ற எல்லா வீட்டிலும் நேற்றே கட்டிவிட்டார்கள். தமிழரைக் கேளாமல் எழுதிய இலங்கையின் புது அரசியலமைப்பு இன்று சட்டமாகிறது. அவள் கணவருக்குத் தபால் கந்தோரில் வேலை. பத்து மணிக்கு அந்தச் சட்டத்தின் பேரில் சத்தியம் செய்யாவிட்டால் வேலை போய்விடும்.

"என்ர வாசல்ல ஒண்டும் தொங்கக் கூடாது" என்று நேற்று ஊருக்கே கேட்கக் கத்தியவர்.

அப்படியென்றால் யார்?

எதிர்வீட்டு அன்னலட்சுமியா? சத்தியக் கதை தெரிந்த நாளிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

வாசிகசாலைப் பெடியன்களா? அவரைக் கண்டதும் காறித் துப்புகிறவர்கள்.

சொந்தத் தம்பியேதானா? நேற்று வந்தவன் சாப்பிடாமல் போனான்.

யாராக இருந்தாலும் நாசமாய்ப் போக. சோற்றில் மண் அள்ளிப் போடத்தான் எத்தனை பேர்.

முடிச்சைத் தேடித் துணியைப் பிடித்தாள்.

ஊரில் எல்லாக் கொடிக்கும் நாலு மூலை. இதற்கு மூன்று. ஒரு மூலையில் சின்னத் துளை. அதைச் சுற்றித் துருக்கறை.

காலையில் அவர் குடை எடுக்காமல் போனது இப்போதுதான் உறைத்தது. வைகாசி வெயிலில்.

உள்ளே ஓடினாள். கதவுக்குப் பின்னால் இருந்த குடையை விரித்தாள்.

எட்டுத் துண்டில் ஏழுதான் இருந்தது. மிச்சத்தில் கூரை ஓடு தெரிந்தது.

வாசலில் செருமல். குடையைச் சுருக்கிக்கொண்டு வந்தாள். ஊரில் அரசாங்கத்தின் ஆளான விதானையார், கையில் கொப்பி.

"ஆர் கட்டினது, பிள்ளை? பேர் எழுதோணும்."

"நான்தான்."

விதானையார் குடையைப் பார்த்தார். அவள் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"அவருக்கு ஒண்டும் தெரியாது."

விதானையார் கொப்பியைத் திறந்தார். அவளுடைய பேரை எழுதினார்.

பின்னேரம் அவர் வந்தார். சத்தியம் செய்துவிட்டு, முகம் வெயிலில் கறுத்து. படலையடியில் நின்றுவிட்டார்.

"இதை ஏன் இன்னும் அவிழ்க்கேல்லை?"

"நான் கட்டினதை நான் ஏன் அவிழ்க்க? விதானையாரின்ர கொப்பியிலயும் எழுதியாச்சு."

அவர் உள்ளே போனார்.

கதவுக்குப் பின்னால் குடை இருந்தது. விரித்துப் பார்த்தார். எட்டுத் துண்டும் இருந்தது. எட்டாவது அவளுடைய உள்பாவாடைத் துணி.

கருநீலம்.

தூரத்தில் நின்று பார்த்தால் கறுப்புத்தான்.