பூட்டிவைத்த வெற்றி

கூப்பிடு தூரத்திலிருந்த சங்கிலிக் கூடையில் முதல் வீச்சிலேயே பிளாஸ்டிக் தட்டு விழுந்ததும், மலையைப் புரட்டியவர் மாதிரி கத்தினார், தட்டை எறிந்து கூடையில் போடும் டிஸ்க் கோல்ஃப் சங்கத்தின் தலைவர்.

போன மாதம் அதே கூடையில் தன் மனைவி ஒரே வீச்சில் போட்டபோது, "இதெல்லாம் ஒரு சாதனையா? செருப்பை எறிஞ்சாலும் விழும்" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தவரும் அவர்தான்.

"இப்ப என்னடி சொல்ற?"

"சாதனைதாங்க! கொண்டாடியே ஆகணும்" என்றாள் மனைவி.

கேக் வரவழைத்தாள். அந்தத் தட்டில் எல்லோரையும் கையெழுத்துப் போடவைத்து, சங்கச் சுவரிலிருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். தலைவர் பக்கத்தில் நின்று, தாடையை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்தது.

"சரி, பெட்டியைத் திற. நாளைக்கு ஃபைனல். அந்தத் தட்டு இல்லேன்னா எனக்குக் கையே ஓடாது."

"கையெழுத்துப் போட்டுப் பெட்டியில வெச்ச தட்டை மறுபடி எறியக்கூடாதுங்க. விதியை எழுதினதே நீங்கதானே?"

"விளையாடாதடி, சாவியைக் கொடு!"

"தரேன். நாளைக்கு ஃபைனல்ல உங்களைத் தோற்கடிச்சுட்டு வந்து தரேன்."