பொம்மையின் நெஞ்சு

மாரடைப்பில் விழுந்தவரின் நெஞ்சை, ஆம்புலன்ஸ் வருவதற்குள் பக்கத்தில் இருப்பவரே அழுத்தினால் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று ஒரு மருத்துவ ஆய்வு நடந்தது. அதற்காக ஒரு நர்ஸ் பொதுமக்களுக்கு வகுப்பெடுத்தாள். தையல்காரர் ஒருவர் எல்லா வகுப்புக்கும் வந்தார்.

"உங்களுக்குத்தான் நல்லா வருதேண்ணா. இன்னும் எதுக்கு அலையறீங்க?"

"கை மறந்துடக் கூடாதில்ல, சிஸ்டர்."

இந்த வகுப்புகளுக்கு முன்பு, அவருடைய மனைவி மாரடைப்பில் சமையலறையில் விழுந்து இறந்த அன்று, ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டு அவர் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

கடைசி வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் அவர் பயிற்சிக்கென்று வைத்திருந்த ஆளுயரப் பொம்மையின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். சரியான ஆழத்துக்கு அழுத்தினால் உள்ளே 'டிக்' என்று சத்தம் வரும். வெறும் ஸ்பிரிங்தான்; பேட்டரிகூடக் கிடையாது.

"போதும்ண்ணா, ஹாலைப் பூட்டணும்."

அவர் கையை எடுத்தார். சத்தம் நிற்கவில்லை.

பொம்மையின் நெஞ்சு தானாகவே அமுங்கி எழுந்துகொண்டிருந்தது. அவர் மெல்ல உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"சூடா இருக்கு, சிஸ்டர்."

அவளும் தொட்டாள். சூடாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் சத்தம் தளர்ந்தது. பிறகு நின்றுபோனது.

"ஐயோ, போகுதே!" அவர் முழங்காலிட்டு மறுபடி அழுத்தத் தொடங்கினார். கண்ணீர் பொம்மையின் மேல் சொட்டியது. "அன்னிக்கு எனக்குத் தெரியலடி... சத்தியமா தெரியலடி..."

நர்ஸ் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் மண்டியிட்டாள்.

"கை ஓஞ்சா சொல்லுங்கண்ணா," என்றாள். "நான் மாத்திக்கறேன்."