சத்தமில்லாத பெட்டி

அக்ரிலிக் பெட்டிக்குள் நீலத் தண்ணீர் குழாய் வளைவுகளில் ஏறி இறங்குகிறது. இணைப்புகளுக்கு அடியில் அவன் விரித்துவைத்த டிஷ்யூ காகிதங்களில் பொட்டு ஈரமில்லை. மழை மேகம் ஜன்னலை இருட்டாக்குகிறது. படுத்த படுக்கையாகிவிட்ட மனைவியின் கட்டிலோரமே அவன் வேலை பார்த்தாக வேண்டும். இரைச்சலில் அவள் தூக்கமும் கெடக்கூடாது. அதற்காகத்தான் கம்ப்யூட்டரின் விசிறிகளைக் கழற்றிவிட்டு, தண்ணீரில் குளிரும் இந்தப் பெட்டியைத் தானே வரைந்து, அறுத்து, ஒட்டியிருக்கிறான்.

"ஓடுதாங்க?"

"ஓடுது. சத்தம் கேக்குதா, சொல்லு?"

"உங்க வாய்ச் சத்தந்தான் கேக்குது."

சிரித்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறான். அறை அடங்குகிறது. பல்லைக் கடித்தும் அடங்காத முனகல் ஒன்று கட்டிலிலிருந்து எழுகிறது. இத்தனை மாதமும் விசிறிகளின் இரைச்சலுக்குள் அவள் ஒளித்துவைத்திருந்த முனகல். அவன் திடுக்கிட்டு நிமிர்கிறான். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள்.

"அந்தப் பழைய ஃபேனையே மாட்டிடுங்களேன்."