வெறும் வயிறு

"வெறும் வயிறுதானே?" என்று சிவனாண்டியிடம் கேட்டபோது, என் குரல் எனக்கே இழவு வீட்டுக் குரலாகக் கேட்டது.

யுத்தம் முடிந்த மறு வருஷம். ரேஷன் அரிசி தின்ற ஜனங்களின் ரத்தத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்க்கத் தூத்துக்குடியிலிருந்து எங்களை உடன்குடிக்கு அனுப்பியிருந்தார்கள். இன்னொரு குழு நாசரேத்துக்குப் போயிருந்தது.

விடிந்ததும் வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும். மருந்து கலந்து சூடாக்கினால், சீனி கூடின ரத்தம் நல்ல நீலமாகும். மூன்று நாளாக ஊரே நீலம்.

நேற்று சும்மா இருக்கமாட்டாமல் என் ரத்தத்தையும் சோதித்தேன். அதுவும் நீலம்.

நீரிழிவு, வேறென்ன? அடுத்த மாதம் எனக்கும் நாசரேத் ஞானவடிவு டீச்சருக்கும் கல்யாணம். 'என்னை மறந்துவிடு' என்று அழுதுகொண்டே எழுதி, காலையில் தபால் பெட்டியில் போட்டேன். போட்ட கையோடு திரும்ப எடுக்கப் பார்த்தேன். ரெண்டு விரலுக்கு மேல் நுழையவில்லை.

பனையேறி சிவனாண்டி கையை நீட்டினார். "பச்சத் தண்ணி பல்லுல படலய்யா. ரெண்டு பட்டை பதனிதான் குடிச்சேன்."

என் கையில் ஊசி அப்படியே நின்றது.

ஓலைப் பட்டையில் வழிய வழிய, கற்கண்டாக இனிக்கிற பதனீர். அதை இந்தச் சீமையில் எவன் சாப்பாட்டில் சேர்த்தான்? நான் சேர்த்தேனா? நானும் பனங்காட்டில் பிறந்தவன்தான். தங்கியிருந்த வீட்டில் தினமும் காலையில் ரெண்டு பட்டை குடித்துவிட்டு, 'வெறும் வயிறு' என்று என் கையாலேயே என் பெயருக்கு நேராக எழுதியிருக்கிறேன்.

எனக்கு நீரிழிவு இல்லை. சிவனாண்டிக்கு இல்லை. ஊருக்கே இல்லை. அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தேன்.

"ஏலே, ஊசிக்காரருக்குக் கிறுக்கு புடிச்சிட்டுலே" என்றார் அவர், வரிசையைப் பார்த்து.

செம்மணலில் விழுந்தடித்து ஓடினேன். போஸ்ட் மாஸ்டர் எஸ்றா அண்ணாச்சி தபால் பைக்கு அரக்கு வைத்து, நாசரேத் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"முத்திரை வச்ச பையைத் தொறக்கப்படாது வே. ஒமக்கும் ஒரு லெட்டர் வந்திருக்கு, இந்தாரும்."

அதை வாங்கிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு அதே பஸ்ஸில் தொற்றினேன். என் கடிதம் போய்ச் சேருமுன் அவள் வீட்டு வாசலில் நான் நிற்பேன். சிரிப்பு அடங்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்தார்.

பாதி வழியில்தான் உறையைப் பார்த்தேன். ஞானவடிவின் கையெழுத்து.

'இந்தக் கல்யாணம் வேண்டாம். என்னை மறந்துவிடுங்கள். போன வாரம் பள்ளியில் ரத்தம் எடுத்தார்கள். எனக்கு நீரிழிவாம். காலையில் பதனீர் தவிர வேறொன்றும் வாயில் வைக்காமல்தான் போனேன். அப்படியும் நீலமாம்.'