இலுப்பை மரத்தடியில்

மனையின் நடுவில் நின்ற இலுப்பை மரத்தை வெட்டுவதற்கு முந்தைய நாள், ஸ்தபதி மாசிலாமணி முறைப்படி அதைச் சுற்றி வந்து கைகூப்பினார். "இங்கே குடியிருக்கும் உயிர்களே, ஒரு குடும்பம் வாழ வீடு கட்டப்போகிறோம். தயவுசெய்து வேறிடம் போய்விடுங்கள்." மரத்துக்கு வலிக்காதிருக்கக் கோடாரியின் வாயில் தேனும் நெய்யும் தடவி வைத்தார். காலையில் பார்த்தால், பொந்தில் மைனாக் குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

"கேட்டாச்சுல்ல ஸ்தபதியாரே, வெட்டச் சொல்லுங்க. நாளைக்கு பூமி பூஜை" என்றார் வீட்டுக்காரர் நெல்லையப்பன்.

"கேட்டோம் அய்யா. அவங்க இன்னும் போகலையே. இறகு முளைக்கட்டும்."

"மைனாகிட்ட சம்மதம் வாங்கித்தான் நான் வீடு கட்டணுமா? சாஸ்திரத்துக்குச் சும்மா கேக்குறதுதானே அது!"

"சும்மா கேட்டிருந்தா, நேத்து நான் கும்பிட்டது பொய்யாயிடும்."

"உம்மை நிறுத்திட்டு வேற ஆளை வைப்பேன்."

"வையுங்க. அவரும் கேக்கணும்."

நெல்லையப்பன் கோடாரியைத் தானே எடுத்துக்கொண்டு மரத்தை நெருங்கினார். மாசிலாமணி அடிமரத்தில் முதுகைச் சாய்த்து, சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"இப்ப நானும் இங்கே குடியிருக்கிறேன் அய்யா. போகச் சொல்லி முறையாக் கும்பிட்டுக் கேளுங்க."

நெல்லையப்பனின் இரண்டு கைகளும் கோடாரியைப் பிடித்திருந்தன.