ஓம் என்றவர்

"அண்ணை நிக்கிறாரோ, அக்கா?"

வாசலில் நின்றவனை அவள் மேலும் கீழும் பார்த்தாள். முன்பின் தெரியாத ஆள். கோட்டில் கட்சிச் சின்னம் குத்தியிருந்தான். வாக்காளர் பட்டியலில் தமிழ்ப் பெயரைக் கண்டுவிட்டுத் தமிழனையே அனுப்பியிருக்கிறார்கள். வலு கெட்டிக்காரர்கள்தான்.

"எந்த அண்ணை?"

"குணநாயகம் அண்ணை. போன கிழமை இதே வாசல்லை நிண்டு எங்களுக்குத்தான் வோட்டு எண்டு சொன்னவர். இப்ப பாருங்கோ, ஒருத்தருக்கும் பெரும்பான்மை இல்லை. திரும்பவும் எலக்சன் வரும்போலை கிடக்கு. அதுதான் ஒருக்கா கண்டிட்டுப் போவம் எண்டு வந்தனான்."

அவளுடைய புருசன் குணநாயகம் மாசியில் செத்துப்போனார்.

இது ஆனி மாதம். அவருடைய சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு வந்தவளே அவள்தான்.

அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"என்ன சொன்னவர்?"

"பெரிசா ஒண்டும் கதைக்கேல்லை, அக்கா. ஓம், ஓம் எண்டு தலையை ஆட்டினவர்."

அவரேதான். சந்தேகமே இல்லை.

ஊரில் எந்த இயக்கம் வந்து படலையைத் தட்டினாலும் அந்த மனுசன் ஓம் என்றுதான் சொன்னார். பின்னால் ஆமி வந்து கேட்டபோதும் ஓம். அந்த ஒரு சொல்லால்தான் உயிர் தப்பி லண்டன் வந்து சேர்ந்தார். வந்த பிறகும் பழக்கம் விட்டுப்போகவில்லை. எந்தக் கட்சி மணியடித்தாலும் கதவைத் திறந்து ஓம்.

ஐரோப்பாவை விட்டுப் போவோம் என்று வந்தவர்களுக்கும் ஓம். இருப்போம் என்றவர்களுக்கும் ஓம்.

வாக்குச்சீட்டில் எதற்குப் புள்ளடி போட்டார்?

கடைசிவரை அவளுக்குச் சொல்லவில்லை. கேட்டால், உனக்கேன் அந்தக் கதை என்பார்.

பாழாய்ப்போன மனுசன். அவளுடைய கதையல்லவா அது!

அவர் பிரிட்டிஷ்காரராகிவிட்டவர். அவளிடம் இருப்பது டச்சுக் கடவுச்சீட்டு. கலியாணம் முடித்து ஹொலண்டிலிருந்து இந்த வீட்டுக்கு வந்து இருபது வருசத்துக்கு மேலாகிறது. அப்போதெல்லாம் யார் அதைக் கேட்டார்கள்? இப்போது பிரெக்சிட் என்கிறார்கள். இருக்க விடுவார்களோ, திருப்பி ஏற்றிவிடுவார்களோ தெரியாது. தேர்தல் முடியட்டும், தெரியும் என்றார்கள்.

முடிந்தது. ஒருவரும் வெல்லவில்லை.

பெரிய கட்சி சின்னக் கட்சியொன்றின் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அவளுக்குப் பதில் சொல்ல ஆருக்கு நேரம்? இந்தத் தேர்தலில் போட அவளுக்கு ஒரு வோட்டுகூட இல்லை.

"அவர் வெளியிலை," என்றாள் அவள். பொய்யுமில்லை.

வந்தவன் போனான்.

மத்தியானம் மற்றக் கட்சியிலிருந்து ஒரு வெள்ளைக்காரி வந்தாள். குடையும் கையுமாக, வாய் நிறையச் சிரிப்பு.

"மிஸ்டர் நாயகத்தைப் பார்க்கலாமா? போன வாரம் எங்களுக்கு வாக்குக் கொடுத்தார். எவ்வளவு நல்ல மனிதர்!"

"அவர் இல்லை."

வெள்ளைக்காரியின் முகம் சுருங்கிவிட்டது. ஓரடி பின்னால் போய் அண்ணாந்து பார்த்தாள்.

"மேல் சன்னலில் நிற்கிறாரே?"

உள்ளே நின்றவள் கதவை அறைந்து சாத்தினாள். வீட்டில் அவளைத் தவிர வேறு ஆளில்லை.

படியேறிப் போனாள். அறையில் ஒருவருமில்லை. திரைச்சீலை அசையவில்லை. கட்டில் அவள் விரித்தபடியே கிடந்தது.

"இஞ்சருங்கோ."

அலுமாரிக் கதவையும் திறந்து பார்த்தாள்.

மாசியிலிருந்து இந்த வீட்டுக்குள் தனியாகக் கிடக்கிறாள். ஒருநாள்கூட ஒரு சத்தம், ஒரு செருமல் கேட்டதில்லை. கனவில்கூட வந்ததில்லை. பயமெல்லாம் போய் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கண்டவன் நிண்டவனுக்கெல்லாம் வாசல்லை வந்து ஓம் சொல்லுறியள். எனக்குச் சொல்ல மட்டும் வாயில்லையோ?"

சொல்லி முடித்தபின்தான் அவளுக்கு உறைத்தது.

வாசலில்.

அவர் கதைப்பது வாசலில் நிற்பவர்களோடு மட்டும்தான்.

அவள் விறுவிறுவென்று இறங்கினாள். செருப்பைக்கூடப் போடவில்லை. வெளியே வந்து கதவை இழுத்தாள். அது டக்கென்று பூட்டிக்கொண்டது. திறப்புக்கொத்து உள்ளே ஆணியில் தொங்கியது.

மழை தூறிக்கொண்டிருந்தது. தெருவில் ஆளரவமில்லை.

தன் வீட்டு மணியை அவள் ஒருநாளும் அடித்ததில்லை. விரலை வைக்கவே வெட்கமாக இருந்தது.

அடித்தாள்.

கதவுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள்.

பிறகு மாடிப்படியில் காலடி கேட்டது. மெதுவாக, ஒவ்வொரு படியாக. முழங்கால் நோகிற ஆள் இறங்குகிற மாதிரி.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நிழல் வந்து நின்றது.

பொய்க்காவது அவர் ஒரு ஓம் சொன்னால் போதும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மிச்சக் காலத்தைத் தள்ளிவிடுவாள்.

கதவில் வாயை வைத்துக் கேட்டாள்.

"நான் இஞ்சை இருக்கலாமோ?"

உள்ளே கதவுச் சங்கிலியை எடுத்துக் கொளுவுகிற சத்தம் கேட்டது.

பிறகு குரல். அவருடைய குரலேதான்.

"ஆர்?"

உயிரோடிருந்த காலத்தில், வந்து நின்ற எவரையும் அந்த மனுசன் அப்படிக் கேட்டதேயில்லை.