தம்பியின் பதில்

"பொருந்தலன்னு சொல்டுங்க சார்."

டாக்டர் யக்ஞநாராயணன் வாயைத் திறப்பதற்கு முன்பே தயாளன் அதைச் சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தான்.

சேலையூர் கேம்ப் ரோட்டில் டாக்டரின் கிளினிக். வெளியே பெஞ்சில் அவனுடைய அக்கா ஜெயசீலியும் மனைவி பேபியும் காத்திருந்தார்கள். அக்காவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. தயாளனின் கிட்னி அவளுக்குப் பொருந்துமா என்று சோதித்த ரிப்போர்ட் மேசைமேல் பிரித்தபடி இருந்தது.

டாக்டர் ரிப்போர்ட்டை அவன் பக்கம் திருப்பினார். "பொருந்துது தயாளன். அது உங்களுக்கே தெரியும் போலிருக்கு."

"பொருந்திடுமோன்னுதான் சார் பயந்துகினு இருந்தேன்."

வீட்டில் யாராவது தடுக்கிறார்களா என்று டாக்டர் கேட்டார்.

"யாரும் இல்ல சார். என் சம்சாரமே குடுங்கன்னுதான் சொல்லுது. எனக்குத்தான் முடியல. உடம்புல கத்தி வெப்பாங்கன்னு நெனச்சாலே எங்கியாவது ஓடிடலாம்னு தோணுது."

சொல்லும்போதே அவனுக்கு வெட்கமாக இருந்தது. அவன் மின்வாரியத்தில் லைன்மேன். புயல் மழையில் கம்பம் ஏறுகிறவன். யாரோ முகம் தெரியாதவர்கள் வீட்டு விளக்குக்காக உயிரைப் பணயம் வைத்தவனுக்கு, அக்காவுக்கென்று வந்தபோது தைரியம் வரவில்லை.

அந்த அக்கா, அவன் ஏழு வயதில் சேலையூர் ஏரியில் விழுந்தபோது நீச்சல் தெரியாமலே உள்ளே குதித்தவள். துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேரையும் சேர்த்து இழுத்துப் போட்டார்கள்.

டாக்டர் அறிவுரை சொல்வார், அல்லது பொய் சொல்ல முடியாது என்று மறுப்பார் என்று அவன் எதிர்பார்த்தான். அவர் சரி என்று தலையசைத்தார். ரிப்போர்ட்டை மடித்து டிராயரில் வைத்துவிட்டு, பெண்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். தம்பியின் கிட்னி பொருந்தவில்லை என்று சொன்னார்.

பேபி அழுதுவிட்டாள். ஜெயசீலி அழவில்லை. தம்பியின் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"வுட்றா. நீ இன்னா பண்ணுவ?" என்றாள்.

அதற்குப் பிறகு பதினான்கு மாதங்கள் அவள் இருந்தாள். வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ் செய்ய நகரத்துக்குப் போக வேண்டும். தயாளன் தன் டியூட்டியை மாற்றிக்கொண்டு ஒவ்வொரு முறையும் அவளைத் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் அழைத்துப் போனான். திரும்பும்போது அவள் சோர்ந்து அவன் தோளில் சாய்ந்து தூங்குவாள். அந்தத் தலையின் பாரம் வீடு போன பிறகும் அவன் தோளில் இருந்தது.

தயாளன் மாதிரி ஒரு தம்பி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார் பக்கத்து வீட்டு அந்தோணிசாமி. கோயிலில் பூசை முடிந்து வருகிறவர்களும் அதையே சொன்னார்கள். ஜெயசீலி யாரைப் பார்த்தாலும், என் தம்பி தயாராகத்தான் இருந்தான், கடவுள்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்பாள். அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவன் எழுந்து வெளியே போய்விடுவான்.

இப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. கிளினிக்குக்குப் போய், கொடுக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தடுக்க யாருமில்லை. கட்டாயப்படுத்தவும் யாருமில்லை. யார்மீதாவது பழி போட முடிந்திருந்தால் அவனால் கொஞ்சம் தூங்க முடிந்திருக்கும். ஒரு நாள் கிளினிக் வாசல் வரை போனான். சைக்கிளைக்கூட நிறுத்தாமல் திரும்பி வந்தான்.

ஒருமுறை ரயில் பல்லாவரத்தைத் தாண்டும்போது, "அக்கா, அந்த ரிப்போர்ட்டு..." என்று ஆரம்பித்தான்.

"அந்தப் பேச்ச எடுக்காத தயா. முடிஞ்சு போச்சு," என்று சொல்லிவிட்டு ஜெயசீலி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பேச்சை அதோடு விட்டதில் தனக்கு ஏற்பட்ட நிம்மதியை நினைத்து அவன் அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் பொங்கலுக்கு மறுநாள் அவள் இறந்துபோனாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் தயாளன் நேராகக் கிளினிக்குக்குப் போனான். டாக்டர் உட்காரச் சொன்னார். அவன் உட்காரவில்லை.

"நான்தான் சார் அவள சாவடிச்சேன். அன்னிக்கு நீங்க என்னைத் திட்டியிருந்தா, ரெண்டு அறை வுட்டிருந்தா, ஒருவேள நான் ஒத்துக்கினு இருப்பேன். கேட்டவுடனே ஏன் சார் சரின்னீங்க?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இதை யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்ததாகவும், வாக்கு வாங்கியவளே இப்போது இல்லை என்றும் சொன்னார்.

"நீங்க அன்னிக்கு வாயே திறக்கலைன்னாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன், தயாளன். அதுக்கு முந்தின நாள் உங்க அக்கா தனியா என்னைப் பார்க்க வந்தாங்க."

தயாளன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன ரிப்போர்ட் வந்தாலும் தம்பி உடம்புல கை வைக்கக்கூடாதுன்னாங்க. நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன், கேக்கல. அவங்களே நேரா வேண்டாம்னு சொன்னா நீங்க ஒத்துக்க மாட்டீங்களாம்." டாக்டர் அவன் முகத்தைப் பார்க்காமல் தொடர்ந்தார். "'அவன் ஒரு நிமிஷம்கூட யோசிக்காம குடுத்துடுவான் சார், அவன நீங்கதான் காப்பாத்தணும்'னு அழுதாங்க."